அம்மாவுக்கு என் வீட்டில் ஓர் இலை

எங்கள் சபையின் மூப்பர் ஐயாமார்களுக்கும் ஊழியக்கார ஐயாவுக்கும்,

ஸ்தோத்திரம்.

இந்த வார்த்தையை எழுத உனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று உங்களில் யாராவது கேட்கலாம். பேச்சு வந்த நாள் முதல் என் வாயில் இருக்கிற வார்த்தை இது. உங்கள் முன்னால் வந்து நிற்கும்போது வேறு எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு முன் இரண்டு கடிதங்கள் எழுதிக் கொடுத்தனுப்பினேன். பதில் வரவில்லை. என்னைப் போலச் சபையிலிருந்து பெயர் நீக்கப்பட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று தெரிந்த பிறகுதான், எல்லாரும் படிக்கும்படி எழுதலாம் என்று துணிந்தேன். சபையின் பெயரையும் நம் ஊரின் பெயரையும் எழுதவில்லை. உங்களை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க எனக்கு மனசு வராது.

போன மாதம் அம்மா என்னைப் பார்க்க மயிலாடுதுறைக்கு வந்தார். குத்தாலம் பக்கத்திலிருந்து பஸ் ஏறினால் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனாலும் அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி வேறு. கையில் ஒரு டிபன் பாக்ஸ். நான் அன்றைக்கு விரால் மீன் குழம்பு வைத்திருந்தேன். மாங்காய் போட்டு, அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த பக்குவத்தில் வைத்த குழம்பு. அம்மா வாசல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, காலையில் கிளறி எடுத்துவந்த தக்காளிச் சாதத்தைத் திறந்தார். உள்ளே குழம்பு கொதிக்கிற வாசனை வெளியே வருகிறது. அம்மா ஆறிப்போன சாதத்தைச் சாப்பிடுகிறார். நான் சொம்பில் கொடுத்த தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தார். "தண்ணிக்கு ஐயாமாருங்க ஒண்ணும் சொல்லலை" என்றார்.

பெயர் நீக்கப்பட்டவளோடு குடும்பத்தாரும் சாப்பிடக் கூடாது என்று நீங்கள் வாசித்த நாளிலிருந்து, ஏழு வருஷமாக இப்படி நடக்கிறது. இதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

அதற்கு முன்னால், நம் சபையிடம் நான் பட்டிருக்கிற கடனைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் குறையை மட்டும் எழுதினால் அப்பாவுக்குத் துரோகம் செய்த மாதிரி ஆகும்.

அப்பா வளர்ந்த காலத்தில் எங்கள் தெரு ஆட்களுக்கு டீக்கடையில் தனி டம்ளர். குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். நடவு முடிந்து பண்ணை வீட்டில் சோறு போட்டால் கொல்லைப் பக்கம் நின்று வாங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பானைத் தண்ணீரை வேறு ஒரு பையன் மொண்டு மேலேயிருந்து ஊற்ற, கையைக் குவித்துக் குடித்தாராம். அப்படி வளர்ந்த மனுஷர், 1970களின் கடைசியில் சைக்கிளில் வந்த ஒரு ஊழியக்காரர் பேச்சைக் கேட்டு நம் கூரைச் சபைக்கு வந்தார். முதல் அன்பின் விருந்து. எல்லாரையும் ஒரே பந்தியில், ஒரே பாயில் உட்கார வைத்தார்கள். வேறு தெருவிலிருந்து வந்து இரட்சிக்கப்பட்டிருந்த ஒரு பெரியவர், அப்பாவின் இலையில் தன் கையாலே குழம்பு ஊற்றிவிட்டு, அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை, அழுகைதான் வந்தது. வருஷா வருஷம் டிசம்பர் 31 ராத்திரி அப்பா சொன்ன சாட்சி இதுதான். அவரை எந்தப் பிரசங்கமும் மாற்றவில்லை ஐயா. அந்தக் குழம்புதான் மாற்றியது. குடியை விட்டார். எங்களைப் படிக்க வைத்தார். அம்மாவுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்ததும் சபைதான். 23ஆம் சங்கீதத்தை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வைத்துத்தான் அம்மா தமிழ் படிக்கப் பழகினார்.

2011இல் அப்பா இறந்தபோது நீங்கள் எல்லாரும் வந்து தூக்கினீர்கள். மறக்கவில்லை.

இனி என் பக்கம்.

எங்கள் வீட்டில் பூ கிடையாது, பொட்டு கிடையாது, தோடு கிடையாது. ரேடியோ கிடையாது. தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஜெபம். ஆடி பதினெட்டு அன்று ஊரே ஆற்றுக்குப் போகும். சின்னப் பையன்கள் சப்பரம் இழுத்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டி ஓடுவார்கள். அன்றைக்கு எங்களுக்கு வீட்டுக்குள் வசனம் ஒப்பிக்கும் நாள். நான் 3ஆம் வகுப்பில் படிக்கும்போது, ஆண்டு விழா நடனத்துக்கு டீச்சர் என் தலையில் கனகாம்பரம் வைத்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் அதை எடுத்து வாய்க்காலில் விட்டேன். அது மிதந்து போவதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தக் கட்டுப்பாடுகளைப் பற்றி எனக்கு இன்று பெரிய வருத்தம் எதுவும் இல்லை. பூ வைக்காமல் வளர்ந்ததால் யாரும் செத்துப்போவதில்லை. அதோடு, மருந்து மாத்திரையை விசுவாசக் குறைவு என்று நம் சபை ஒருநாளும் சொன்னதில்லை. நான் நர்ஸிங் படிக்கப் போனபோது கை வைத்து ஜெபித்து அனுப்பினீர்கள். சில சபைகளில் நடப்பதைப் பார்த்த பிறகு அதன் அருமை எனக்குத் தெரிகிறது.

என்னைத் தின்றது பயம். அதை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். பள்ளி விட்டு வந்தேன். வீடு திறந்து கிடக்கிறது. அடுப்பில் உலை கொதிக்கிறது. அம்மாவின் செருப்பு வாசலில் கிடக்கிறது, அம்மா இல்லை. தம்பி இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், சத்தமே இல்லை. முந்தின ஞாயிறுதான் இயேசுவின் இரண்டாம் வருகையைப் பற்றிய பிரசங்கம்: இரண்டு பேர் வயலில் இருப்பார்கள், ஒருவன் எடுத்துக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான். எனக்குக் கால் நடுங்கிவிட்டது. எக்காளம் ஊதிவிட்டது, எல்லாரும் போய்விட்டார்கள், நான் மட்டும் நின்றுவிட்டேன் என்று முடிவு செய்தேன். முந்தின நாள் தம்பியின் பென்சிலை எடுத்து இல்லை என்று பொய் சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் என்று நினைத்தேன். அழுதுகொண்டு தெருவுக்கு ஓடி வந்தேன். பக்கத்து வீட்டு அத்தை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அத்தையைப் பார்த்ததும் இன்னும் பயமாகிவிட்டது. ஏனென்றால் அத்தை இரட்சிக்கப்படாதவர். அவர் இருப்பதால் ஒன்றும் நிரூபணமாகாது. அவர் எப்படியும் கைவிடப்படுவார். இரட்சிக்கப்பட்ட ஒரு முகத்தை நான் பார்த்தாக வேண்டும்.

பெரிய மூப்பர் ஐயா, அன்றைக்கு நான் ஓடியது உங்கள் வீட்டுக்குத்தான். வேலி ஓரத்தில் நீங்கள் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு நின்றீர்கள். தலையில் துண்டு, கையில் கருக்கரிவாள். "என்னம்மா, ஏன் ஓடியார்ற?" என்று கேட்டீர்கள். நான் ஒன்றும் சொல்லாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். உங்களைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியை இன்றுவரை வேறு யாரைப் பார்த்தும் நான் அடைந்ததில்லை. அம்மா களத்துமேட்டில் இருந்தார். பாம்பு ஒன்று வந்துவிட்டதென்று தம்பியைத் தூக்கிக்கொண்டு வெறும் காலோடு அந்தப் பக்கம் ஓடியிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த உலைச் சத்தம் எனக்குள்ளே முப்பது வருஷம் கொதித்துக்கொண்டே இருந்தது. கல்யாணமான பிறகுகூட, ராத்திரி விழித்துக்கொண்டு பக்கத்தில் வீட்டுக்காரர் இல்லையென்றால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

அந்த அத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தங்கை முறை. எங்கள் தெருவில் சபைக்கு வராமல் மாரியம்மனோடேயே நின்றுவிட்ட வீடுகளில் அவருடையதும் ஒன்று. பொங்கல் அன்று ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுப்பார். அம்மா சிரித்த முகமாக வாங்கிக்கொள்வார். அத்தை அந்தப் பக்கம் போனதும் கொல்லைக்கு எடுத்துப்போய் எருக்குழியில் கொட்டிவிடுவார். படைத்தது, நாம் புசிக்கக் கூடாது. நெய்யில் வறுத்த முந்திரி எருவில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம் தூக்கைத் திரும்ப வாங்க வந்த அத்தையும் பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருஷம் பொங்கலுக்கு வந்தபோது அவர் கையில் ஒரு பெரிய தட்டு: பச்சரிசி, அச்சுவெல்லம், கொஞ்சம் பாசிப்பருப்பு, ஒரு கரும்பு. "இது எதுக்கும் படைக்கலை அண்ணி. நீங்களே பொங்கிப் பிள்ளைங்களுக்குக் குடுங்க" என்றார். அதற்குப் பிறகு எல்லா வருஷமும் அப்படித்தான்.

நீங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அன்பின் இலக்கணம் முழுவதையும் 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தில் மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன். அது நடந்து வந்து எங்கள் வாசலில் நின்றது அன்றைக்குத்தான்.

இன்னொன்றும் எனக்கு வளர்ந்த பிறகுதான் உறைத்தது. அப்பா சாகுபடி செய்தது கோயில் நிலம். ஒன்றரை ஏக்கர், குத்தகை. நம் சபையில் பாதிப் பேருக்கு அப்படித்தான், மாயவரத்தைச் சுற்றி இருக்கிற ஊர்களின் கதையே அதுதானே. குறுவை அறுத்ததும் சாமிக்குரிய குத்தகை நெல்லை அளந்துவிட்டு வருவார். அதே களத்திலிருந்து முதற்பலன் நெல் சபைக்கு வரும். அந்த நெல்லைக் குத்திய அரிசியில்தான் அன்பின் விருந்து. சிவனுடைய மண்ணில், ஊர் கும்பிடுகிற காவிரியின் தண்ணீரில் விளைந்த சோற்றை நாம் ஸ்தோத்திரம் செய்து சாப்பிட்டோம். தவறு என்று நான் சொல்லவில்லை. சாப்பிட்டதுதான் சரி. அத்தை வீட்டுப் பொங்கல் ஒரு கரண்டி மட்டும் எப்படித் தீட்டானது என்றுதான் கேட்கிறேன்.

சரி. ஒரே நாளில் நான் மாறிவிடவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியும்.

2004 டிசம்பர் 26. கடல் வந்தது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். எனக்கு அப்போது 25 வயது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். எங்களைத் தரங்கம்பாடிப் பக்கம் அனுப்பினார்கள். அந்த நாட்களில் பார்த்ததை எழுத இன்றும் கை வரவில்லை. காயத்துக்கு மருந்து போட்டோம், குளோரின் கலந்தோம், பிள்ளையைத் தேடி வருகிற அப்பன்மாருக்குத் தண்ணீர் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்து, 2005இன் முதல் ஞாயிறு, சபைக்கு வந்தேன். மீனவர் ஊர்களின் விக்கிரகாராதனைக்குக் கர்த்தர் கொடுத்த நியாயத்தீர்ப்பு என்று பிரசங்கம் நடந்தது. "ஆமென்" என்று சத்தம் வந்தது. என் புடவையில் பிளீச்சிங் பவுடர் வாசனை இன்னும் போகவில்லை.

வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் முடித்துப் போயிருந்தவர்களும் அந்தக் கரையில்தான் செத்தார்கள். அதற்கும் உங்களிடம் பதில் இருந்தது: மாதா சிலையை வணங்கியவர்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த செய்தியை லூக்கா 13இல் நீங்கள்தானே எங்களுக்கு வாசித்துக் காட்டினீர்கள்? செத்தவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று பதிலும் சொன்னவர் யார்? அன்று நான் எழுந்து இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மௌனத்துக்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

அப்புறம் என் வேலையே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கிறவளுக்கு மனுஷர் கடவுளைக் கூப்பிடுகிற குரல் நன்றாகவே பழகிவிடும். வலி உச்சத்துக்கு வரும்போது ஒருத்தி மாரியாத்தா என்பாள். ஒருத்தி யா அல்லாஹ் என்பாள். ஒருத்தி ஆரோக்கிய மாதாவே என்பாள். இயேசப்பா என்பவளும் உண்டு. பலர் "அம்மா" என்பதோடு சரி. பிள்ளை வெளியே வந்து அழுததும் அந்த முகங்களில் வருகிற அமைதியைக் கவனித்திருக்கிறேன். அதில் நான் ஒரு வித்தியாசமும் கண்டதில்லை. அதில் பாதிப் பேர் நரகத்துக்குப் போகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டே தொப்புள்கொடியை வெட்ட என்னால் முடியவில்லை ஐயா. மெல்ல மெல்ல அந்த நினைப்பு தானாகக் கழன்றது.

2018 ஆடி. சில வருஷமாக ஆடிக்குத் தண்ணீர் ஒழுங்காக வராமல், ஆற்றுக்குள் போர் தண்ணீரை விட்டுக் குளிக்கிற நிலைமை. அந்த வருஷம் ஜூலை 19 அன்று மேட்டூர் திறந்தார்கள். ஆறு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் அத்தை எனக்குப் போன் செய்தார். மகன் திருப்பூரில். முட்டி தேய்ந்துபோய் அவரால் படி இறங்க முடியாது. "ஒரு தடவை என்னைத் துலாக் கட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறியா தங்கம்? இனிமே எத்தனை பெருக்கு பாக்கப் போறேன்" என்றார்.

மயிலாடுதுறையில் காவிரியின் படித்துறை அது. நான் போனேன். என் 39 வயதில் முதல் ஆடிப்பெருக்கு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறக்கினேன். அத்தை காப்பரிசி, காதோலை, கருகமணி எல்லாம் வைத்து வாழை மட்டையில் விளக்கேற்றி விட்டார். கலங்கல் தண்ணீர் அதை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுபோனது. என் கையில் ஒரு மஞ்சள் சரடு கட்டிவிட்டார். என்னை யாரும் கும்பிடச் சொல்லவில்லை. எனக்குத் தன்னால் வாயில் வந்தது 23ஆம் சங்கீதம்தான். அமர்ந்த தண்ணீர் என்று நம் கூரைச் சபையில் ஒப்பித்தபோது எனக்கு எந்தத் தண்ணீரும் கண்ணில் தெரிந்ததில்லை. அன்றைக்கு அது முழங்கால் வரைக்கும் ஏறி நின்றது. நாற்பது வருஷமாக இந்த ஆற்றை ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டேனே என்று அழுதேன். அத்தை என் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, தயிர்சாதம் பிசைந்து கொடுத்தார். சாப்பிட்டேன்.

அந்த மஞ்சள் சரட்டை நம் சபைச் சகோதரி ஒருவர் பஸ்ஸில் பார்த்தார். மீதி உங்களுக்கே தெரியும். இரண்டு மாதம் கழித்து ஆராதனை முடிவில் என் பெயரை வாசித்தீர்கள். பின்மாற்றத்தில் விழுந்தவள், விக்கிரகாராதனைக்கு உடன்பட்டவள். நானும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பெயரை நீக்கியதில் எனக்கு வழக்கு இல்லை. உங்கள் சபை, உங்கள் ஒழுங்கு. அதற்குப் பிறகு வாசித்ததுதான்: இப்படிப்பட்டவளுடன் குடும்பத்தாரும் விசுவாசிகளும் கூடப் புசிக்கக் கூடாது. 1 கொரிந்தியர் 5:11.

அந்த வசனம் எனக்கும் தெரியும். தன் தகப்பனுடைய மனைவியையே வைத்துக்கொண்டிருந்த ஒருவனைப் பற்றிப் பவுல் கொதித்து எழுதிய அதிகாரம் அது. கிழவி ஒருத்தியை ஆற்றுக்கு அழைத்துப்போனவள்மேல் அதைச் சாத்துவது எந்த நியாயம்? அதே பவுல், அதே கடிதத்தில், ஐந்து அதிகாரம் தள்ளி, அவிசுவாசி ஒருவன் விருந்துக்குக் கூப்பிட்டால், போக உங்களுக்கு மனமிருந்தால், இலையில் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள் என்கிறார். அடுத்த வசனமும் எனக்குத் தெரியும். படைத்தது என்று யாராவது சொன்னால் மட்டும் வேண்டாம் என்கிறார். என் வீட்டு மீன் குழம்பை நான் எதற்கும் படைப்பதில்லை. என்னை அவிசுவாசி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவிசுவாசி வீட்டில் சாப்பிட அனுமதி உண்டு, பெற்ற மகள் வீட்டில் இல்லை என்றால் அம்மா எந்தக் கணக்கில் சேர்த்தி?

கலாத்தியர் 2ஐ மறுபடி எடுத்து வாசியுங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்துகொண்டு பந்தியை விட்டு எழுந்து விலகினார். பவுல் பேதுருவையே முகத்துக்கு நேரே எதிர்த்தாரே, எதற்கு? பந்தியை விட்டு எழுந்ததற்கு.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ச் சபைகளில் கிறிஸ்தவர்களே சாதி பார்த்துத்தான் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். திருவிருந்தில்கூடச் சேர்ந்து பங்கெடுக்கவில்லை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபைக்குள் அடியோடு விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதை ஏற்க மாட்டோம் என்று பலர் வெளியேறிப் போனார்கள். சபையையே விட்டாலும் விடலாம், கூட உட்கார்ந்து சாப்பிட முடியாது என்றவர்கள் வாழ்ந்த மண் இது. இங்கே ஒரு மனுஷனை மனுஷனில்லை என்று சொல்ல யாரும் அவனை அடிக்கக்கூட வேண்டாம். அவன் கையால் ஒரு வாய் வாங்கிச் சாப்பிடாமல் இருந்தாலே போதும். அப்பாவுக்கு அதுதான் நடந்தது. அந்தச் சுவரை உடைத்ததால்தான் உங்கள் பின்னால் வந்தார். அவர் மகள் வீட்டு வாசலில் அதே சுவரை நீங்கள் கட்டலாமா? என் அம்மா டிபன் பாக்ஸோடு வந்து உட்காரும்போது எனக்கு அப்பாவின் தனி டம்ளர்தான் ஞாபகம் வருகிறது.

நான் இப்போது என்னவாக இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மதம் மாறவில்லை. கோயில்கள் எல்லாம் கருணையே உருவானவை என்று நினைத்துக்கொண்டு கிளம்பியவளும் இல்லை. திருப்புங்கூர் போயிருக்கிறேன். நந்தனாருக்காக விலகியதாகச் சொல்கிற நந்தி அங்கே கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றேன். நந்தி விலகியது சரி, வாசலில் நிறுத்தியவர்கள் விலகவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது. எல்லா மதமும் ஒன்றுதான் என்றும் நான் சொல்வதில்லை. ஒன்றில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு விதத்தில் மனுஷரைத் தூக்கியும் இருக்கிறது, மிதித்தும் இருக்கிறது.

என் வழக்கம் சின்னது. டூட்டிக்குப் போகும் முன் துலாக் கட்டத்துப் படியில் கால் மணி நேரம் உட்காருகிறேன். ஒரு சங்கீதம், அப்புறம் சும்மா இருப்பது. எதையும் கேட்பதில்லை. தண்ணீர் இல்லாத மாதங்களில் மணலைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறேன். கூட வேலை பார்க்கும் முஸ்லிம் சகோதரியோடு சில வியாழக்கிழமைகளில் நாகூர் போவேன். தர்காவின் குளத்தங்கரையில் எல்லாச் சாதி சனமும் கலந்து கிடக்கிறதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு வெறும் காலோடு நடக்கிறவர்கள் நம் பக்கம் போகும்போது கொப்புளத்துக்கு மருந்து போட்டு அனுப்புகிறேன். சிலை வணங்கிகள் என்று சின்ன வயதில் அவர்களைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தக் கால்களைக் கையில் எடுக்கும்போது, சீஷர்களின் கால்களைக் கழுவியவர்தான் நினைவுக்கு வருகிறார். அவரை நான் விடவில்லை, அவரும் என்னை விட்ட மாதிரி தெரியவில்லை.

அந்த உலைச் சத்தம் நின்றுவிட்டது. ராத்திரி விழிப்பு வந்தால் இப்போது எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்குகிறேன்.

துலாக் கட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐப்பசி முழுவதும் அங்கே முழுகுவது விசேஷம். மாதக் கடைசி நாள் கடைமுகம். கால் நடக்க முடியாத ஒருவர் எங்கிருந்தோ கிளம்பி வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துபோனதாம். அவர் படித்துறையில் அழுததைப் பார்த்து மாயூரநாதர் ஒரு நாள் நீட்டிக் கொடுத்தாராம். கார்த்திகை முதல் தேதிக்கு இன்றும் முடவன் முழுக்கு என்றுதான் பெயர். அன்றைக்கும் கூட்டம் வரும். முதல் தடவை இதை அத்தை சொல்லக் கேட்டபோது, இயேசு சொன்ன கதையில், வேலை முடியப்போகிற பதினோராம் மணிக்கு வந்த கூலியாளுக்கும் முழுக்கூலி கொடுத்த திராட்சைத் தோட்டக்காரனைத்தான் நினைத்தேன். காலையிலிருந்து வெயிலில் உழைத்தவர்களுக்கு அவன்மேல் கோபம் வந்தது. நீங்கள் உழைத்தவர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

எனக்குப் பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டாம். திருவிருந்து தர வேண்டாம். நான் மனம் திரும்பிவிட்டேன் என்று எழுதித் தரவும் முடியாது, அது பொய்யாகும். வருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறிவிப்பு நேரத்தில், ஒரு வரி வாசியுங்கள்: பெயர் நீக்கப்பட்டவர்களின் வீட்டில் குடும்பத்தார் சாப்பிடலாம். அது போதும். சொந்தமாக முடிவெடுக்கச் சொல்லி அம்மாவிடம் நான் சண்டை போடலாம். போட மாட்டேன். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்த சபைக்குக் கீழ்ப்படியாமல் 74 வயதில் அம்மா தவிக்க வேண்டாம். நீங்கள் போட்ட கட்டு, நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும்.

அத்தை இப்போது என்னோடுதான் இருக்கிறார். முன்போல நடமாட்டம் இல்லை, ஆனால் மீன் ஆய உட்கார்ந்தால் கை இன்னும் ஓடும். அம்மாவும் அவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பழைய கதை பேசுவார்கள், சாப்பாட்டு நேரம் வந்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆராதனை முடிந்து ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தால் அம்மா இரண்டு மணிக்குள் வந்துவிடலாம். கொல்லையில் வாழை இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு இலை நறுக்கி வைத்திருப்பேன். பெரிய மூப்பர் ஐயா, நீங்களும் வருவதாக இருந்தால் உங்களுக்கும் ஒன்று.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு பள்ளியில் படித்த மகள்
மயிலாடுதுறை